டாக்கரி வீட்டு முறை

ராஸ்காமன் மாவட்டத்தில் சாப்பிடவும் குடிக்கவும் சிறந்த இடம் எது என்று கேட்டால் மூன்று வருடமாக ஒரே பதில்தான். குளூன்மோர் நாற்சந்தியில் இருக்கிற டாக்கரி கடை. டப்ளினிலிருந்து வருகிறார்கள், கால்வேயிலிருந்து வருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி வந்து, ஆட்டுத் தோள்கறியை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து முடித்து, ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கும் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். மாவட்டத்தின் சிறந்த கடை என்று வருடத்துக்கு ஒன்றாக வாங்கிய பரிசுப் பட்டயங்கள் மூன்றும் பாரின் பின்சுவரில் பளபளவென்று தொங்கின. எல்லாம் இருந்தது. குளூன்மோர்க்காரர்கள் மட்டும் இல்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த ஊர் ஆள் ஒருத்தர்கூட அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

சண்டை போட்டிருந்தாலாவது கடைக்காரி அட்ராக்டா டாக்கரி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அதுவும் இல்லை. ரோட்டில் எதிரே வந்தால் எப்போதும்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். கடைத்தெருவில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவள் கடையைத் தாண்டிக்கொண்டு போய், நாலு மைல் தள்ளி, பாக்கெட் சூப்பைக் கொதிக்கக்கூட வைக்காமல் கொடுக்கிற ஒரு மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டார்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒதுக்குவது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். மார்ச்சில் அன்னையர் ஞாயிறு. எல்லா மேஜையும் வெளியூர்க் குடும்பங்களால் நிரம்பியிருந்தது. பிரேசிலிலிருந்து வந்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த லொரேனா என்கிற பெண் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கச் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு மணிப் பூசை முடிந்து ஜார்லத் டான்சி வந்தான். ஞாயிறு தவறாமல் வருகிறவன். ஜன்னல் ஓரத்து உயர நாற்காலி, ஒரு கறுப்பு பியர், ஒரு கிண்ணம் சூப், மாவட்டக் கால்பந்து அணியைத் திட்டுவதற்கு ஒரு மணி நேரம். அவனைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தமுகமாகத்தான் கேட்டாள். "புக்கிங் இருக்கா சார்?"

ஜார்லத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இல்லம்மா, மன்னிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கோபப்படவே இல்லை. அதுதான் வினை.

யாரிடம் கேட்ட கேள்வி அது! அட்ராக்டாவோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கினவன். அவள் கணவன் ஃபெர்கல் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். அந்த வாரம் முழுக்கக் கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பாரின் பின்னால் நின்றவன். அவன் திரும்பிப் போனது சாயங்காலம்தான் அட்ராக்டாவின் காதுக்கு வந்தது. அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தச் சின்னப் பெண் தெரியாமல் கேட்டதற்கு நான் போய் நிற்பதா என்று ஒரு வீம்பு. மறுநாள் ஆப்பிள் பை ஒன்று சுட்டு அனுப்பினாள். தட்டு இரண்டே நாளில் திரும்பி வந்தது, நன்றாகக் கழுவி, உள்ளே ஒரு டஜன் முட்டையோடு. அதாவது, உனக்கும் எனக்கும் சரியாகிவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம். ஜார்லத் வராததால் மல்விஹில் வீட்டார் வரவில்லை. அவர்கள் வராததால் மற்றவர்கள் வரவில்லை. அப்படியே ஊரே நின்றுபோனது.

செப்டம்பர் கடைசியில் பங்குச் சாமியார் ஃபாதர் கில்ஹூலி வந்து டீ குடித்தார். குளூன்மோரில் வருடத்துக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் பூசை நடக்கும். வீடு வீடாக முறை வரும். முறை வந்த வீட்டுக்காரர்கள் சுவருக்கு வண்ணம் அடித்து, ஊரையே உள்ளே கூப்பிட்டு, பூசை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். அக்டோபரில் டாக்கரி வீட்டு முறை. டாக்கரிகளுக்கு வீடென்றால் மாடியில் மூன்று அறை, கீழே கடை. பூசை என்றால் கடையில்தான்.

ஃபாதர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு நல்ல வியாபார நேரம் என்றார். ஊரில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்றார். இந்தத் தடவை மல்விஹில் வீட்டுக்கு மாற்றிவிடலாமே என்றார்.

"ஊர்ல யாரு புரிஞ்சுக்கிறதா சொன்னது ஃபாதர்?" என்று அட்ராக்டா கேட்டாள்.

"பொதுவா சொன்னேன்."

"என் மாமியார் காலத்துல இந்த வீட்டு முறை தப்பல. ஃபெர்கல் செத்த வருஷமும் தப்பல. இப்ப சொவத்துல மூணு பலகை தொங்குதுன்னு தப்பணுமா? வெள்ளிக்கிழமை, ஏழரை மணி. பூசையில அறிவிச்சிடுங்க. எல்லாரும் வரட்டும். பசியோட வரட்டும்."

ஃபாதர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். மூன்று பங்குகளைக் கட்டி மேய்க்கிறவர், எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அட்ராக்டாவின் கணக்கு இது. கல்யாணத்துக்கு வராமலிருக்கலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கடைக்கு வராமலிருக்கலாம், அது அவரவர் இஷ்டம். ஆனால் பக்கத்து வீட்டுப் பூசைக்கு வராமலிருந்தால் அது பகிரங்கமான பகை. குளூன்மோரில் யாருக்கும் அதற்குத் தைரியம் கிடையாது. ஜார்லத்துக்கும் கிடையாது. ஒரு தடவை அவன் உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டால் போதும், ஊர் திரும்பிவிடும். அந்த ஒரு வாய் டீக்காகத்தான் அவள் ஒரு வெள்ளிக்கிழமை முழுவதையும் தூக்கிக் கொடுத்தாள்.

மகள் சோர்ச்சா இதைக் கேட்டதும் கரண்டியைத் தொட்டியில் எறிந்தாள். கடையின் சமையல் அவளுடையது. பிரான்சில் ஆறு வருடம் எண்ணெயில் வெந்து கற்றுக்கொண்டு வந்தவள். பரிசு மூன்றும் அவள் கையால் வந்தவை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாலாவது தடவையும் வாங்கிவிட்டால் நாடு முழுவதற்குமான போட்டிக்கு அனுப்புவார்கள். நடுவர்கள் ரகசியமாக வந்து சாப்பிடுகிற மாதமே அக்டோபர்தான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை கடைய மூடுறேன்னு சொல்ற. உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"மூடல. பூசை வைக்கிறேன்."

"ஏரிக்கரை ஹோட்டல்காரன் வருஷம் பூரா நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருக்கான் அந்தப் பரிசுக்கு. நீயே தட்டுல வெச்சுக் குடுக்கிற."

"அவன் எடுத்துக்கட்டும். அவன் வீட்டுக்குப் பூசை முறை வருமா? வராது. அவனுக்கு வீடே கெடையாது, கம்பெனிதான் இருக்கு."

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பூசைக்கு முன்னால் வண்ணம் அடித்தே ஆக வேண்டும். கால்வேயிலிருந்து ஒரு அலங்கார நிபுணரை வரவழைத்து, பாசி பிடித்த மாதிரி ஒரு கரும்பச்சையைச் சுவரெல்லாம் பூச வைத்திருந்தாள் சோர்ச்சா. பத்திரிகைகளில் அந்தச் சுவரைப் பற்றியே ஒரு பத்தி வந்திருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறையன்று அவள் ஸ்லைகோ சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அட்ராக்டா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மூன்று சுவருக்கு வெண்ணெய் நிறம் அடித்து முடித்திருந்தாள். பட்டயங்கள் உருளைக்கிழங்குச் சாக்கில் கிடந்தன. அவை தொங்கிய ஆணியில் மாமியார் கும்பிட்ட திருஇருதய ஆண்டவர் படம் ஏறியிருந்தது. சோர்ச்சா வாசலிலேயே நின்று நாலு சுவரையும் பார்த்தாள். நேரே மாடிக்குப் போனாள். அன்றிரவு அட்ராக்டாவே தனக்கு முட்டை அவித்துக்கொண்டாள்.

ஆனாலும் பெண் தொழில் தெரிந்தவள். மறுநாள் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக்குப் பதிவு செய்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டு வேறு நாள் கொடுத்தாள். ஒரே ஒரு எண் மட்டும் கிடைக்கவில்லை. ஹென்னசி, ஒரு ஆள், எட்டு மணிக்கு. அப்படி ஒரு எண்ணே கிடையாது என்று போன் சொன்னது.

சோர்ச்சா சமையலறைக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா. பொய் நம்பர். ஒத்த ஆள். இது அவங்கதான்."

எல்லாக் கடைக்காரர்களுக்கும் அது தெரிந்ததுதான். நடுவர் பொய்ப் பேரில் வருவார், சாப்பிடுவார், தன் காசைக் கொடுத்துப் பில்லை வாங்குவார், அந்தப் பில்லோடு மதிப்பெண்ணை அனுப்புவார். சோர்ச்சா கெஞ்சினாள். மாடியில் ஒரு மேஜை போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாமல் அவருக்கு மட்டும் ஒழுங்காகச் சமைத்துவிடுகிறேன் என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அட்ராக்டாவுக்கு மனசு கேட்கவில்லைதான். பெற்ற பெண், ராத்திரி பகல் பாராமல் உழைத்தவள். ஆனால் ஊர் கீழே முழங்காலிட்டிருக்கும்போது மாடியில் ஒருத்தனுக்கு ரகசியமாக விருந்து போனால், படியேறுகிற ஒவ்வொரு தட்டும் ஜார்லத்தின் கண்ணில் படும்.

"வரட்டும். வந்தா பூசை பாக்கட்டும். ஊரோட சாப்பிடட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கார்கள் வந்துவிட்டன. அட்ராக்டா பின்கட்டில் காத்திருந்தாள். குளூன்மோர்க்காரர்கள் எந்த வீட்டுக்குள்ளும் பின்கதவு வழியாக, சமையலறை வழியாகத்தான் வருவார்கள். முன்கதவு சாமியாருக்கும் வரிக்காரனுக்கும். அன்று எல்லோரும் முன்கதவு வழியாக வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக. வந்து கைகுலுக்கி, "சுவரு ரொம்ப நல்லாயிருக்கு அட்ராக்டா," என்று சொல்லி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். வேற்றாள் வீடு மாதிரி. அவளுக்கு அங்கேயே ஒருமுறை சத்தம் போட்டுவிடலாம் போலிருந்தது. ஒயின் பாட்டில் வைக்கிற அறையில் ஃபாதர் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, அவர்கள் செய்த பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஃபிலோமினா மல்விஹில் உள்ளே போய்விட்டு வந்து, அந்த பாட்டில்களின் விலையைப் பார்த்ததில் பாதிப் பாவம் மறந்துவிட்டது என்றாள். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ஜார்லத் கடைசியாக வந்தான். ஜன்னல் ஓரத்து நாற்காலியை அட்ராக்டா காலியாகவே வைத்திருந்தாள். அவன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. கதவை ஒட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

கணப்பின் முன்னால் நீள மேஜையே பீடம். பூசை பாதியில், நற்செய்தி வாசிக்கும்போது, முன்கதவு திறந்தது. மெலிந்த ஒரு நகரத்து ஆள், விலையுயர்ந்த காலணி, கையில் குடை. ஒரு கடை முழுக்க ஆட்கள் எழுந்து நின்று சாமியாரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார். பழக்கதோஷத்தில் லொரேனா அவர் பக்கம் போய் வாயைத் திறந்தாள். அட்ராக்டா பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றது. ஜார்லத்தான் நகர்ந்து, சுவரில் தன் இடத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தான். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்தபோது ஊரே முழங்காலிட, அவரும் விலையுயர்ந்த கால்சட்டையோடு ஓட்டுத்தரையில் முழங்காலிட்டார். வேறு வழியில்லை.

பூசை முடிந்ததும் பீடம் சாப்பாட்டு மேஜையாகியது. அவித்துத் தேன் தடவிய பன்றித் தொடை, முட்டையும் வெங்காயமும் வைத்த சாண்ட்விச், சோடா ரொட்டி, ஆப்பிள் பை, கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய ட்ரைஃபிள், கோயில் மண்டபத்திலிருந்து கடன் வாங்கி வந்த பெரிய அலுமினியக் கெட்டிலில் டீ. ஒவ்வொன்றும் அட்ராக்டாவே செய்தது, சோர்ச்சாவை அடுப்புப் பக்கம் விடவில்லை. விடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று லொரேனா ஒரு அகலமான வெள்ளைத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். சதுப்பில் வெட்டிய கரிக்கட்டியின் புகையில் நாள் முழுக்க வெந்த ஆட்டுத் தோள்கறி, சுற்றிலும் பச்சைச் சாறு சொட்டு சொட்டாக. தட்டு நேராக நகரத்து ஆளை நோக்கிப் போனது. அட்ராக்டா நடுவழியில் அதைப் பிடுங்கி ஃபிலோமினா மல்விஹில் முன்னால் வைத்துவிட்டு, அவருக்கு ஒரு தட்டு சாண்ட்விச்சை நீட்டினாள்.

ஃபிலோமினா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பச்சையா இருக்கிறது தின்கிறதா, இல்ல ஒழுகினதா?" என்று கேட்டாள். சமையலறைக் கதவிடுக்கில் சோர்ச்சாவின் முகம் தெரிந்து மறைந்தது.

அட்ராக்டா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஜார்லத்திடம் போனாள்.

"ஒரு கப் டீ, ஜார்லத்?"

"வேணாம் வேணாம். இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்."

இது மறுப்பே அல்ல. அந்த ஊரில் முதல் 'வேணாம்' சும்மா மரியாதைக்கு. உடனே சரி என்றால்தான் அசிங்கம்.

"ஒரு சின்ன கப்பு. நின்னுக்கிட்டே இருக்கியே."

"நீ போய் மத்தவங்களப் பாரு. எனக்காக நிக்காத."

இரண்டாவதும் மறுப்பல்ல. அறையில் பேச்சு கொஞ்சம் தணிந்தது. எல்லோரும் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"அரை கப்பாவது குடி."

"இல்ல அட்ராக்டா. வேணாம்," என்றான் ஜார்லத், மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்து.

மூன்றாவது மறுப்பு மறுப்புதான். அதற்கு மேல் கேட்க அந்த ஊரில் வழியே கிடையாது. ஃபிலோமினா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். அட்ராக்டா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய் ஊற்றினாள், அதற்கடுத்த ஆளிடமும் ஊற்றினாள். அவமானத்தில் காது சுட்டது. வெள்ளிக்கிழமை போயிற்று, பெண்ணின் மனசும் போயிற்று, ஊரும் வராது. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழ மாட்டேன், இவர்கள் முன்னால் மட்டும் மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நகரத்து ஆள் எழுந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, லொரேனாவிடம் பில் கேட்டார்.

"இன்னைக்கு இந்த வீட்ல பில் கெடையாது," என்றாள் அட்ராக்டா, அறையின் இந்தக் கோடியிலிருந்து.

அவர் அவளை ஓரமாக வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போகவில்லை. அவரே கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் அங்கே ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். சட்டைப் பையிலிருந்து அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். தான் நடுவர் என்றார். இப்படி ஒரு பன்றித் தொடையைத் தன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார். ஆனால் காசு கொடுக்காமல் சாப்பிட்டதை மதிப்பிட விதியில் இடமில்லை. ஒரு கப் டீக்காவது பில் போட்டுக் கொடுத்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். உதவி செய்யத்தான் பார்த்தார்.

சோர்ச்சா வெளியே வந்துவிட்டாள். "அம்மா. ஒரே ஒரு டீக்கு. உன் கால்ல வேணா விழுறேன்."

அட்ராக்டா மகளைப் பார்த்தாள். ஒரு கணம் கையே பில் மெஷின் பக்கம் போயிருக்கும். அதற்குள் பேச்சு முந்திக்கொண்டது.

"மாட்டேன் சோர்ச்சா. உன் சமையலுக்கு நூறு பரிசு வரணும், வரும், நீ கெட்டிக்காரி. ஆனா பூசை வெச்ச வீட்ல சாப்பிட்டதுக்குக் காசு வாங்கினா நான் அட்ராக்டா டாக்கரி இல்ல."

"அப்ப நான் கடை மூடியிருந்துச்சுன்னுதான் எழுதணும்மா," என்றார் நடுவர், வருத்தத்தோடு. "இந்த வருஷம் போட்டியிலேயே இருக்க மாட்டீங்க."

அட்ராக்டா கெட்டிலை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"என்ன வேணா எழுதுங்க. மூடியிருந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. இந்தக் கடை மார்ச் மாசம் மூடினது. அன்னையர் ஞாயித்துக்கெழம, வாசல்ல வந்து நின்னவன திருப்பி அனுப்பினோம் பாருங்க, அன்னைக்கு மூடினது. கூட்டம் வந்துச்சு, காசு வந்துச்சு, உங்க பலகையும் மாட்டியிருந்துச்சு. கடை மூடித்தான் இருந்துச்சு. நான் போய்க் கூப்பிட்டிருக்கணும். திமிரு, போகல. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் தெறந்திருக்கு. இன்னைக்கு எவன்கிட்டயும் நான் காசு வாங்க மாட்டேன். உங்ககிட்டயும்தான்."

குளூன்மோரில் இப்படி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மனசில் இருப்பதைச் சொல்லாமலேயே சவப்பெட்டிக்குள் கொண்டுபோகிற ஊர் அது. ஃபாதர் ட்ரைஃபிளை உற்றுப் பார்த்தார். லொரேனாவின் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது. மார்ச்சில் தான் கேட்டது என்ன என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

நடுவர் அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார்.

"சரி, அப்ப எனக்கு இன்னைக்கு வேலை இல்ல," என்றார். "அந்த ஆப்பிள் பை இன்னொரு துண்டு குடுங்க."

ஒருத்தரும் உபசரிக்காமல் தானே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை. "பாவம், டப்ளின் வளர்ப்பு," என்றாள் ஃபிலோமினா, பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் போட்டுக்கொண்டே. அங்கங்கே ஒரு சிரிப்புக் கிளம்பியது. கோட்டைத் தேடினவர்கள் தேடுவதை நிறுத்தினார்கள்.

அந்த வருடத்துப் பரிசு ஏரிக்கரை ஹோட்டலுக்குத்தான் போனது. போகட்டும். பட்டயங்கள் மூன்றையும் அட்ராக்டா சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மறுபடியும் மாட்டினாள். ஜெயித்ததை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்றாள். சோர்ச்சா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதெல்லாம் பிற்பாடு.

அன்று, சிரிப்பு அடங்கின பிறகு, கதவோரச் சுவரிலிருந்து ஜார்லத் முதுகை எடுத்தான். தொப்பியை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே அறையின் குறுக்கே நடந்து வந்து, லொரேனாவின் எதிரில் நின்றான். அந்தப் பெண் பின்வாங்கினாள்.

"எனக்கு புக்கிங் இல்லம்மா," என்றான். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல். "ஒரு கப் டீ கெடைக்குமா?"

லொரேனா திரும்பி அட்ராக்டாவைப் பார்த்தாள். அட்ராக்டாவின் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது, இத்தனை பேர் முன்னால். அவள் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உனக்கு ஊத்தி வெச்ச டீ மார்ச் மாசத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருந்து ஆறிப்போச்சுடா, கெழவா," என்றாள். "உக்காரு. புதுசா போடுறேன்."

உள்ளே சோர்ச்சா ஏற்கெனவே தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டிருந்தாள்.